தோற்க வேணாம், கம்மியா ஜெயிச்சா போதும்: காலேஜ் பாஸ்கெட்பாலும் பாயிண்ட் ஷேவிங்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தப்பட்டுள்ளது.)



இன்னைக்கு ஒரு மேட்ச்ல இருந்து ஆரம்பிக்கலாம். 1994 ஜனவரி மாசக் கடைசி. அமெரிக்காவுல அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி டீமும் ஓரிகன் ஸ்டேட் டீமும் ஆடுறாங்க. காலேஜ் பாஸ்கெட்பால். அரிசோனா ஸ்டேட்டோட ஸ்டார் பிளேயர் ஸ்டெவின் ஸ்மித். எல்லாரும் கூப்பிடுற பட்டப்பேரு 'ஹெட்ஏக்'. அன்னைக்கு ராத்திரி அவர் ஒருத்தர் மட்டும் 39 பாயிண்ட் அடிச்சார். அவரோட டீம் 88-82ன்னு ஜெயிச்சது.

பாக்கறவங்களுக்கு அது ஒரு ஹீரோ பண்ண வேலை. ஆனா அந்த மேட்ச் ஃபிக்ஸ் பண்ணப்பட்ட மேட்ச். பணம் வாங்கிட்டு ஃபிக்ஸ் பண்ணதும் அதே ஸ்மித் தான்.

39 பாயிண்ட் அடிச்சு, மேட்சையும் ஜெயிச்சுட்டு, எப்படி ஒருத்தர் ஃபிக்ஸ் பண்ண முடியும்? இந்தக் கேள்விக்கு பதில் புரிஞ்சுட்டா, அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல 75 வருஷமா திரும்பத் திரும்ப நடக்குற ஒரு விஷயம் மொத்தமும் புரிஞ்சிடும். அதுக்குப் பேரு பாயிண்ட் ஷேவிங். தாடியை மழிக்கிற மாதிரி, ஜெயிக்கிற வித்தியாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மழிக்கிறது.

முதல்ல ஸ்ப்ரெட்னா என்ன?

ஒரு பெரிய காலேஜும் ஒரு சின்ன காலேஜும் ஆடுதுன்னு வெச்சுக்கோங்க. யார் ஜெயிப்பான்னு எல்லாருக்கும் தெரியும். அப்போ பெட் கட்டச் சொன்னா எல்லாரும் பெரிய காலேஜ் மேலயே கட்டுவாங்க. புக்கிக்கு வியாபாரமே நடக்காது.

அதனால புக்கி கேள்வியை மாத்திடறார். "யார் ஜெயிப்பா?"ன்னு கேக்கறது இல்ல. "பெரிய காலேஜ் 12 பாயிண்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிக்குமா, ஜெயிக்காதா?"ன்னு கேக்கறார். அந்த 12 தான் பாயிண்ட் ஸ்ப்ரெட். நீங்க பெரிய காலேஜ் மேல கட்டினா, அது குறைஞ்சது 13ல ஜெயிக்கணும். சின்ன காலேஜ் மேல கட்டினா, அது தோத்தாக்கூடப் பரவாயில்ல. 12க்கும் கம்மியா தோத்தா உங்களுக்குப் பணம். சரியா 12ன்னா யாருக்கும் லாப நஷ்டம் இல்ல, கட்டின காசு திரும்ப வந்துடும்.

1940கள்ல சிகாகோவைச் சேர்ந்த சார்ல்ஸ் மெக்நீல்ங்கற கணக்கு வாத்தியார் தான் இந்த ஐடியாவைக் கொண்டு வந்ததா பொதுவா சொல்வாங்க. எஞ்சினியரா பாத்தா ரொம்ப அழகான ஐடியா. சப்பையான ஒரு மேட்சைக்கூட ஒரே நம்பரை வெச்சு அம்பதுக்கு அம்பது ஆக்கிடுது.

ஆனா அதே நம்பர் இன்னொரு வேலையும் பண்ணிடுச்சு. மைதானத்துல ஆடுறவங்களுக்கு ஒரு மேட்ச், பெட் கட்டினவங்களுக்கு வேற ஒரு மேட்ச்னு பிரிச்சிடுச்சு. ஆடுறவங்களுக்கு 1 பாயிண்ட்ல ஜெயிச்சாலும் ஜெயிப்பு தான். கட்டினவங்களுக்கு அது தோல்வியா இருக்கலாம். லஞ்சம் உள்ள வர்ற வழி இந்த ரெண்டு மேட்சுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி தான்.

ஏன்னா இனிமே ஒரு பிளேயர்கிட்ட போய் "உன் டீமைத் தோக்கடி"ன்னு கேக்க வேண்டியதில்ல. அப்படிக் கேட்டா பெரும்பாலான பசங்க மூஞ்சியிலேயே குத்துவாங்க. இப்போ கேக்கறது வேற: "நீ ஜெயி தம்பி. தாராளமா ஜெயி. கொஞ்சம் கம்மியா ஜெயிச்சா போதும்."

ஸ்மித் கேஸ்ல நடந்தது இது தான். அந்த மேட்சுக்கு ஸ்ப்ரெட் இரட்டை இலக்கத்துல இருந்தது. ஜெயிச்சது 6 பாயிண்ட் வித்தியாசத்துல. ஒரு பக்கம் 39 பாயிண்ட் அடிச்சார், இன்னொரு பக்கம் டிஃபென்ஸ்ல விட்டுக் கொடுத்தார். ஸ்கோர் போர்டைப் பாக்கறவங்க யார் எத்தனை பாயிண்ட் அடிச்சாங்கன்னு பாப்பாங்க. யார் அரை அடி லேட்டா நகர்ந்தாங்கன்னு பாக்க மாட்டாங்க.

ஏன் பாஸ்கெட்பால்?

ஃபுட்பால்ல ஒரு டீமுக்கு 11 பேர். கிரிக்கெட்லயும் 11 பேர். பாஸ்கெட்பால்ல ஒரு நேரத்துல கோர்ட்ல இருக்கறது 5 பேர் தான். அதுல பந்தைக் கையில வெச்சு ஆட்டத்தை நடத்தறது ஒருத்தர், இல்ல ரெண்டு பேர். அந்த ஒருத்தரை வாங்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

ரெண்டாவது, தப்பு பண்றது அங்க ரொம்ப இயல்பு. நல்ல ஷூட்டரே கிட்டத்தட்ட பாதி ஷாட்டை மிஸ் பண்ணுவார். அதனால ஒரு மிஸ்ஸைப் பாத்துட்டு வேணும்னே பண்ணதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. எஞ்சினியர் பாஷையில சொல்லணும்னா, நாய்ஸ் ரொம்ப அதிகம். சிக்னலை அதுக்குள்ள சுலபமா ஒளிச்சு வெச்சிடலாம்.

மூணாவது கணக்கு. இது கொஞ்சம் நம்பர், பொறுமையா கேளுங்க. அமெரிக்காவுல ஸ்ப்ரெட் பெட்டுக்கு வழக்கமான ரேட், 110 டாலர் கட்டினா ஜெயிச்சா 100 டாலர் லாபம். அந்த 10 டாலர் வித்தியாசத்துல தான் புக்கியோட பொழப்பு. அதனால 100 பெட்ல 52 ஜெயிச்சாக்கூட உங்களுக்கு நஷ்டம். 53 ஜெயிச்சா தான் லாபம். வாழ்க்கை முழுக்க இதையே தொழிலா பண்றவங்க தவிக்கிறது இந்த ஒண்ணு ரெண்டு சதவீதத்துக்குத் தான்.

இப்போ ஒரு பிளேயரை வாங்கியாச்சு. ஃபிக்ஸ் நூறு சதவீதம் வேலை செய்யாது, 80 சதவீதம்னே வெச்சுக்கலாம். 1,10,000 டாலர் கட்டினா, அஞ்சுல நாலு தடவை 1,00,000 வருது, ஒரு தடவை 1,10,000 போகுது. சராசரியா ஒரு மேட்சுக்கு 58,000 டாலர். பிளேயருக்கு 20,000 குடுத்தாலும் 38,000 மிச்சம். அதுவும் ஒரே ஒரு ராத்திரிக்கு. இந்தக் கணக்கு இருக்கற வரைக்கும் பசங்களைத் தேடி ஆள் வந்துட்டே தான் இருப்பாங்க.

1951: நியூயார்க்

முதல் பெரிய வெடிப்பு 1951ல. அதோட உயரம் தெரிஞ்சா தான் விழுந்த சத்தம் புரியும்.

சிட்டி காலேஜ் ஆஃப் நியூயார்க். ஃபீஸ் கிடையாது. வெளிநாட்டுல இருந்து வந்து குடியேறின ஏழைக் குடும்பத்துப் பசங்க படிக்கிற இடம். பாஸ்கெட்பால் டீம்ல யூதப் பசங்களும் கறுப்பினப் பசங்களும். 1950ல அந்த டீம் என்ஐடி போட்டியையும் என்சிஏஏ போட்டியையும் ஒரே வருஷத்துல ஜெயிச்சது. (என்ஐடின்னா இங்க நம்ம திருச்சி என்ஐடி இல்ல, அது அவங்க டோர்னமெண்ட் பேரு.) ரெண்டையும் ஒரே வருஷத்துல ஜெயிச்ச ஒரே டீம் இன்னைக்கு வரைக்கும் அது தான். மொத்த நியூயார்க்கும் தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடுச்சு.

அடுத்த வருஷம் பிப்ரவரி. பிலடெல்ஃபியாவுல ஒரு மேட்ச் ஜெயிச்சுட்டு டீம் ரயில்ல ஊர் திரும்புது. மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனோட டிடெக்டிவ்கள் அங்க காத்துட்டு இருந்தாங்க. கையோட மூணு பிளேயர்களைக் கூட்டிட்டுப் போனாங்க. பின்னாடி பணம் கட்டினவர் சால்வடோர் சொலாட்ஸோங்கற நகை வியாபாரி. நடுவுல தரகு பண்ணது லாங் ஐலண்ட் யுனிவர்சிட்டியில ஆடின எடி கார்ட். இதைக் கவனிங்க. தரகர் எங்கிருந்தோ வந்த ரவுடி இல்ல, பசங்களோடயே ஆடின ஒரு பையன். இது கிட்டத்தட்ட எல்லாக் கேஸ்லயும் திரும்ப வரும்.

தோண்டத் தோண்ட வந்துட்டே இருந்துச்சு. மொத்தம் 7 காலேஜ், 32 பிளேயர்கள், 1947ல இருந்து 1950 வரைக்கும் 86 மேட்ச். அந்த சீசன்ல நாட்டிலேயே அதிக சராசரி ஸ்கோர் வெச்சிருந்த ஷெர்மன் ஒயிட்டுக்கு ஜெயில். என்பிஏ அவரை எட்டிக்கூடப் பாக்கல.

கென்டக்கி காலேஜ் கோச் அடால்ஃப் ரப், சூதாட்டக்காரங்களால என் பசங்களை நெருங்கவே முடியாதுன்னு அப்போ பெருமையா சொன்னார். அதே வருஷம் அக்டோபர்ல அவரோட பழைய மாணவர்கள் அலெக்ஸ் க்ரோஸா, ரால்ஃப் பியர்ட் உள்பட மூணு பேர் கைது. இந்த ரெண்டு பேரும் 1948 ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கினவங்க. என்பிஏ ரெண்டு பேரையும் வாழ்நாள் தடை பண்ணுச்சு. கென்டக்கி ஒரு சீசன் ஆட முடியாமப் போச்சு. ரப்? அவர் 1972 வரைக்கும் அதே காலேஜ்ல கோச்.

தண்டனை குடுத்த நீதிபதி சால் ஸ்ட்ரைட், பிளேயர்களை மட்டும் திட்டிட்டு விடல. காலேஜ்கள் விளையாட்டை ஒரு வியாபாரமா மாத்தினதையும் கடுமையா விமர்சிச்சார். மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிரம்பி வழியுது, டிக்கெட் காசு காலேஜுக்கும் அரங்கத்துக்கும் போகுது. ஆடுற பையனுக்குச் சம்பளம் கிடையாது, ஏன்னா அவன் 'அமெச்சூர்'. சுத்தி இருக்கற எல்லாரும் காசு பாக்கற ஒரு இடத்துல, காசு வாங்கக் கூடாதவன் அந்தப் பையன் ஒருத்தன் தான். லஞ்சம் வாங்கினது சரின்னு நான் சொல்ல வரல. அந்த ஓட்டை எங்க இருந்துச்சுன்னு சொல்றேன்.

வேணாம்னு சொன்ன ஒருத்தர்

இந்தக் கதையில எல்லாரும் விழுந்தவங்க பேரைத் தான் சொல்வாங்க. நான் ஜூனியஸ் கெல்லாக் பேரைச் சொல்லணும்.

மன்ஹாட்டன் காலேஜ் டீம்ல ஆடின முதல் கறுப்பின வீரர். 1951 ஜனவரியில அந்த டீமோட முன்னாள் கேப்டன்கள்ல ஒருத்தர் வந்து, மேட்சைக் கொஞ்சம் 'கட்டுப்படுத்தினா' 1,000 டாலர் தர்றோம்னு சொன்னார். அந்தக் காலத்து 1,000 டாலர், பணவசதி இல்லாத ஒரு ஸ்டூடண்டுக்கு. கேட்டது முன்பின் தெரியாத ஆள் இல்ல, தனக்கு முன்னாடி அதே ஜெர்சி போட்ட சீனியர். கெல்லாக் நேரா கோச்கிட்ட போய் சொன்னார். அப்புறம் போலீஸோட சேர்ந்து, அந்த ஆளோட நடந்த பேச்சைப் பதிவு பண்ண உதவினார். 1951ல கைதுகள் ஆரம்பிச்சதே அங்க இருந்து தான்.

மூணு வருஷம் கழிச்சு, 1954ல, ஹார்லம் குளோப்ட்ராட்டர்ஸ் டீமோட பயணம் பண்ணும்போது ஒரு கார் விபத்து. உடம்பு செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்துட்டார். அதுக்கப்புறம் பல வருஷம் சக்கர நாற்காலி பாஸ்கெட்பால் டீம்களுக்கு கோச்சா இருந்தார்.

"அந்தக் காலத்துல எல்லாரும் பண்ணாங்க, வேற வழி இல்ல"ன்னு யாராவது சொன்னா, கெல்லாக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பணம் சத்தம் போடும்

அடுத்து 1978-79, பாஸ்டன் காலேஜ். இந்த முறை பின்னாடி இருந்தது நியூயார்க் மாஃபியா வட்டாரம்: ஹென்றி ஹில், ஜிம்மி பர்க். 'குட்ஃபெல்லாஸ்' படம் பாத்திருந்தா ஹென்றி ஹில்லைத் தெரியும், ரே லியோட்டா நடிச்ச கேரக்டர் அவர் தான். ரிக் கூன்ங்கற பிளேயர் மூலமா வேலை நடந்துச்சு. ஹோலி கிராஸ் டீமோட ஆடின மேட்ச்ல பாஸ்டன் காலேஜ் ஸ்ப்ரெட்டை விட அதிகமா தோக்கணும்னு திட்டம். ஆனா 2 பாயிண்ட்ல தான் தோத்தாங்க. பர்க்குக்குப் பெரிய நஷ்டம். ஃபிக்ஸ் பண்ணாலும் பாஸ்கெட்பால் பாஸ்கெட்பால் தான், சொன்ன பேச்சு கேக்காது. ஹில் வேற ஒரு கேஸ்ல மாட்டி, போலீஸ்கிட்ட பேசும்போது இதையும் சேர்த்துச் சொன்னதால தான் விஷயமே வெளிய வந்துச்சு. கூனுக்கு 10 வருஷ ஜெயில் தண்டனை, பின்னாடி குறைச்சாங்க.

இப்போ திரும்ப ஸ்மித் கேஸ். அவர் எப்படி இதுக்குள்ள வந்தார்? பெட்டிங் கடன். பென்னி சில்மன்ங்கற சக மாணவர் கேம்பஸ்லயே புக்கியா இருந்தார். அவர்கிட்ட ஸ்மித்துக்கு ஏறின கடன் சுமார் 10,000 டாலர். கடனை அடைக்க ஒரு வழி இருக்கு, மேல காசும் வரும்னு பேச்சு வந்துச்சு. ஒரு மேட்சுக்கு 20,000 டாலர். டீம்ல இன்னொருத்தர், ஐசக் பர்ட்டன், சேர்ந்துக்கிட்டார்.

மூணு மேட்ச் அவங்க நினைச்ச மாதிரி போச்சு. நாலாவது, மார்ச் மாசம் வாஷிங்டன் டீமோட. அதுக்குள்ள விஷயம் காதோட காதா பரவி, லாஸ் வேகாஸ் கேசினோக்கள்ல ஆளாளுக்குக் கட்டுக்கட்டா பணம் கொண்டு வந்து ஒரே பக்கம் கட்டுறாங்க. ஸ்ப்ரெட் 11ல இருந்து 3 வரைக்கும் இறங்கிடுச்சு. யாருக்கும் காயம் இல்ல, ஒரு செய்தியும் இல்ல. சும்மா ஒரு சாதாரண மேட்ச். அந்த அளவு இறங்கினா எந்த கேசினோ மேனேஜரும் நிமிர்ந்து உக்காருவார்.

ஆட்டம் ஆரம்பிச்சது. அரிசோனா ஸ்டேட் முதல் 14 ஷாட்டையும் மிஸ் பண்ணாங்க. கடைசியில 73-55ன்னு, 18 பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. கட்டினவங்க எல்லாம் காலி. பணம் அந்தப் பக்கம் குவிஞ்ச விதமே விசாரணைக்கு வழி விட்டுச்சு. ஸ்மித் 1997ல குற்றத்தை ஒத்துக்கிட்டார். ஒரு வருஷமும் ஒரு நாளும் ஜெயில். சில்மனுக்கு 46 மாசம்.

இதுல இருந்து ஒண்ணு தெரியும். இந்த மாதிரி விஷயம் பெரும்பாலும் கோர்ட்ல பிடிபடறது இல்ல. பணம் நகர்ற இடத்துல தான் பிடிபடுது. இல்லன்னா யாராவது வாயைத் திறந்தா.

டேட்டாவை வெச்சுக் கண்டுபிடிக்கலாமா?

சாஃப்ட்வேர்ல இருக்கறதால எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

2006ல ஜஸ்டின் வுல்ஃபர்ஸ்ங்கற பொருளாதார அறிஞர் ஒரு ஆய்வு போட்டார். 1989ல இருந்து 2005 வரைக்கும் நடந்த 44,120 காலேஜ் மேட்ச். அவரோட ஐடியா ரொம்ப சிம்பிள். பாயிண்ட் ஷேவிங் நடந்தா, பெரிய ஃபேவரிட் டீம்கள் ஜெயிப்பாங்க, ஆனா ஸ்ப்ரெட்டைத் தாண்ட மாட்டாங்க. அப்போ ஸ்ப்ரெட்டுக்குக் கொஞ்சம் கீழ, சாதாரணமா இருக்க வேண்டியதை விட அதிகமா மேட்ச் குவிஞ்சிருக்கணும். 12 பாயிண்டுக்கு மேல ஸ்ப்ரெட் இருந்த மேட்ச்கள்ல அந்தக் குவியல் நிஜமாவே இருந்துச்சு. அதை வெச்சு, அப்படிப்பட்ட மேட்ச்கள்ல சுமார் 6 சதவீதம் ஃபிக்ஸ் ஆகியிருக்கலாம்னு கணக்குப் போட்டார். பத்திரிகைகள்ல பெரிய செய்தி.

சில வருஷம் கழிச்சு டான் பெர்ன்ஹார்ட், ஸ்டீவன் ஹெஸ்டன்னு ரெண்டு பேர் பதில் ஆய்வு போட்டாங்க. அவங்க கேட்டது: அந்தக் குவியலுக்கு லஞ்சம் இல்லாமலே காரணம் இருக்கலாமே? 20 பாயிண்ட் முன்னாடி இருக்கற டீம் கடைசி 5 நிமிஷத்துல என்ன பண்ணும்? நேரத்தைக் கடத்தும், வித்தியாசம் தானா குறையும். ஃபிக்ஸ் பண்ண வாய்ப்பே கம்மியா இருக்கற மேட்ச்கள்லயும் அதே பேட்டர்ன் தெரியுதுன்னு காட்டினாங்க.

நான் வேலையில லாக் பாக்கறவன். அங்க ஒரு அலர்ட் வந்தா முதல்ல கேக்கற கேள்வி, இது அட்டாக்கா, இல்ல சிஸ்டமே இப்படித்தான் நடந்துக்குமா? வுல்ஃபர்ஸ் அலர்ட் குடுத்தார். மத்த ரெண்டு பேரும், சிஸ்டம் இயல்பே அப்படின்னு சொன்னாங்க. ரெண்டும் தேவை. டேட்டா 'இங்க பாரு'ன்னு கை காட்டும். 'இவன் தான்'னு சொல்லாது.

இதை அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் ஒரு மனுஷன். கானி ஹாக்கின்ஸ். நியூயார்க் தெருக் கோர்ட்டுகள்ல வளர்ந்த அபாரமான பிளேயர். 1961ல ரெண்டாவது பெரிய ஊழல் வெடிச்சப்போ அவர் அயோவா யுனிவர்சிட்டியில முதல் வருஷ மாணவர். காலேஜ் டீமுக்காக இன்னும் ஒரு மேட்ச்கூட ஆடல. ஃபிக்ஸிங் தலைவன் ஜாக் மோலினாஸ்கிட்ட 200 டாலர் கடன் வாங்கியிருந்தார், அதுவும் திருப்பிக் கொடுத்தாச்சு. அவர் மேல எந்த வழக்கும் போடல. ஆனா ஸ்காலர்ஷிப் போச்சு, காலேஜ் போச்சு, என்பிஏ கதவும் மூடிடுச்சு. என்பிஏ மேலயே கேஸ் போட்டு, 1969ல சமரசம் ஆகி உள்ள வந்தார். அப்போ வயசு 27. 1992ல ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க. நடுவுல போன எட்டு வருஷத்தை யாரும் திருப்பித் தரல. எங்க சாஃப்ட்வேர்ல இதுக்குப் பேரு ஃபால்ஸ் பாசிட்டிவ். டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டுப் போயிடுவோம். இங்க அது ஒருத்தரோட இருபதுகள் முழுசும்.

பெட் சின்னதாக ஆக, ஆள் மலிவாகிறான்

இப்போ நம்ம காலம். 2018 மே 14ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஸ்போர்ட்ஸ் பெட்டிங்கைக் கட்டுப்படுத்தின 1992 சட்டத்தை ரத்து பண்ணுச்சு. அதுக்கப்புறம் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள்ல அது சட்டபூர்வம். லாஸ் வேகாஸ் போக வேண்டியதில்ல, பாக்கெட்ல இருக்கற போன் போதும்.

கூடவே பெட்டோட வடிவமும் மாறிடுச்சு. முதல்ல யார் ஜெயிப்பான்னு பெட். அப்புறம் எத்தனை பாயிண்ட்ல. அப்புறம் முதல் பாதியில மட்டும் எத்தனை பாயிண்ட்ல. இப்போ, இந்த ஒரு பிளேயர் எத்தனை ரீபவுண்ட் எடுப்பார், எத்தனை பாயிண்ட் அடிப்பார்னு தனித்தனியா. இதுக்கு ப்ராப் பெட்னு பேரு.

செக்யூரிட்டியில அட்டாக் சர்ஃபேஸ்னு சொல்வோம். ஒரு சிஸ்டத்துக்குள்ள நுழைய எத்தனை வாசல் இருக்கோ, அதோட மொத்தம். மேட்ச் ரிசல்ட்டை மாத்த நிறைய பேரை வாங்கணும். ஸ்ப்ரெட்டை மாத்த ரெண்டு பேர் போதும். ஒரு பிளேயரோட ரீபவுண்ட் எண்ணிக்கையை மாத்த, அந்த ஒருத்தன் 'கணுக்கால் வலிக்குது'ன்னு பெஞ்ச்ல போய் உக்காந்தாலே போதும்.

கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு இது புதுசு இல்ல. 2010ல லார்ட்ஸ்ல பாகிஸ்தான் பௌலர்கள் முன்கூட்டியே பேசி வெச்ச நோ-பால் ஞாபகம் இருக்கா? ஒரு நோ-பாலால டெஸ்ட் மேட்ச் ரிசல்ட் மாறாது. அதனால தான் அது சுலபமா நடந்துச்சு. அதுல முகமது ஆமிருக்கு வயசு 18.

2024ல என்பிஏல டொராண்டோ ராப்டர்ஸ் டீமோட ஜான்டே போர்ட்டர் விஷயம் இதே தான். பெட்டிங் கடன், அதை அடைக்க சீக்கிரமா கோர்ட்டை விட்டு வெளிய வரணும். ஒரு மேட்ச்ல 3 நிமிஷம் ஆடிட்டு உடம்பு சரியில்லன்னு வெளிய வந்துட்டார். அவரோட நம்பர்கள் குறையும்னு ஒருத்தர் ஆன்லைன்ல 80,000 டாலர் கட்டி 11 லட்சம் டாலர் ஜெயிக்கப் பாத்தார். பெரிய ஸ்டார் இல்லாத ஒரு பிளேயர் மேல இவ்ளோ பணமான்னு அந்த பெட் உடனே மாட்டிக்கிச்சு. போர்ட்டருக்கு வாழ்நாள் தடை. நியாயமா சொல்லணும்னா, சட்டபூர்வமான ஆப்கள்ல எல்லாப் பெட்டும் பதிவாகறதால தான் இது இவ்ளோ வேகமா பிடிபட்டுச்சு. வாசல்களை அதிகமாக்கினதும் அதே ஆப்கள், கேமரா வெச்சதும் அதே ஆப்கள்.

காலேஜ் பக்கம், 2026 ஜனவரியில பிலடெல்ஃபியா ஃபெடரல் அரசு வழக்கறிஞர்கள் 26 பேர் மேல குற்றச்சாட்டு பதிவு பண்ணாங்க. அவங்க சொல்றபடி 17க்கும் மேற்பட்ட டீம்கள், 39க்கும் மேற்பட்ட பிளேயர்கள். ஒரு மேட்சுக்கு லஞ்சம் பெரும்பாலும் 10,000ல இருந்து 30,000 டாலர். இதெல்லாம் குற்றச்சாட்டுகள், கோர்ட்ல நிரூபிக்கணும். ஆனா அதுல ஒரு விவரம் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது. யாரைத் தேடிப் போனாங்கன்னா, விளம்பரம், ஸ்பான்சர்னு நேர்மையான வழியில வர்ற காசு கம்மியா இருந்த பிளேயர்களை.

2021ல இருந்து காலேஜ் பிளேயர்கள் தங்களோட பேரையும் முகத்தையும் வெச்சு சட்டப்படி சம்பாதிக்கலாம். டிவியில வர்ற பெரிய ஸ்டாருக்கு லட்சக்கணக்குல வருது. அவருக்கு 20,000 டாலர் ஒரு பொருட்டே இல்ல. ஆனா பெரிய காலேஜ் ஒண்ணே ஒண்ணு, சின்னக் காலேஜ் நூறு. யாரும் பாக்காத ஜிம்ல ஆடுற பையனோட மேட்சுக்கும் போன்ல பெட் கட்டலாம். அவன் மேட்சைப் பாக்க ஆள் இல்ல, அவனுக்குக் காசும் இல்ல, ஆனா அவன் மேல பெட் மட்டும் இருக்கு. 1951ல மொத்த டீமுக்கும் இருந்த ஓட்டை இன்னைக்கு நகர்ந்து அங்க போயிருக்கு.

அப்போ என்ன பண்ணலாம்?

என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர் 2024ல இருந்து கேக்கறது, காலேஜ் பிளேயர்கள் மேல தனிப்பட்ட ப்ராப் பெட்டைத் தடை பண்ணுங்க. ஒஹாயோ, மேரிலாண்ட், லூசியானா, வெர்மான்ட் மாதிரி மாநிலங்கள் பண்ணிட்டாங்க. எஞ்சினியரா எனக்கு இது சரியாப் படுது. பூட்டைப் பலப்படுத்தறதுக்கு முன்னாடி, தேவையில்லாத வாசலை மூடணும். ஆனா ஸ்ப்ரெட் இருக்கற வரைக்கும் பெரிய வாசல் திறந்தே தான் இருக்கும்.

மிச்சத்தை அந்தப் பையன்கிட்ட தான் சொல்லியாகணும். ரூல் புக் குடுத்து கையெழுத்து வாங்கினா போதாது. இந்த 75 வருஷக் கதையில லஞ்சம் பெரும்பாலும் சூட்கேஸோட வரல. சீனியரா வந்துச்சு, டீம்மேட்டா வந்துச்சு, கடன் குடுத்த ஃபிரெண்டா வந்துச்சு. கேட்டதும் பெருசா ஒண்ணும் இல்லாத மாதிரி தான் இருந்துச்சு. "தோக்க வேணாம், கம்மியா ஜெயி. யாருக்கும் நஷ்டம் இல்ல."

அந்தக் கடைசி வரி தான் பொய். பெட்டோட மறுபக்கம் காசு கட்டினவங்க இருக்காங்க. ஒண்ணுமே தெரியாம உயிரைக் குடுத்து ஆடுற மத்த நாலு பேர் இருக்காங்க. ஒண்ணுமே பண்ணாம எட்டு வருஷத்தைத் தொலைச்ச ஹாக்கின்ஸ் மாதிரி ஒருத்தர் இருக்கார். முக்கியமா, ஒரு தடவை வாங்கினவனை அடுத்த தடவை கேக்க மாட்டாங்க. சொல்லுவாங்க. 'முடியாது'ன்னு சொல்ற வசதி முதல் தடவைக்கு மட்டும் தான்.

நம்மள்ல யாரும் அமெரிக்க காலேஜ் டீம்ல ஆடல. ஆனா "பெருசா எதுவும் பண்ண வேணாம், கொஞ்சமா கண்டுக்காம விடு"ங்கற கோரிக்கை எல்லா ஆபீஸ்லயும் ஒரு நாள் டேபிளுக்கு வரும், அதுவும் தெரிஞ்ச முகத்தோட. அன்னைக்கு யாரைப் போய் பாக்கணும்னு இன்னைக்கே யோசிச்சு வெச்சுக்கோங்க. கெல்லாக்குக்கு ஒரு கோச் இருந்தார்.

அவ்ளோ தான் மக்களே. ஸ்ப்ரெட் கணக்குல சந்தேகம் இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துக்கலாம்.